சட்டம் போட்டால் போதுமா? தியோடர் ரூஸ்வெல்ட் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் 26-ஆவது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1901 செப்டம்பர் முதல் 1909 மார்ச் வரை பதவியில் இருந்தவர். அவரையும் அவர் கொண்டுவந்த சீர்திருத்தங்களையும் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ரூஸ்வெல்ட் என்று இரண்டு அதிபர்கள் இருந்தார்களாமே? அப்பா மகனா, அண்ணன் தம்பியா?
— மதுரை வாசகர்

இரண்டும் இல்லை. பல தலைமுறைக்கு முன்னால் பிரிந்துபோன பங்காளிக் குடும்பங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதிபராக இருந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய மனைவி எலினார், நம் தியோடருடைய தம்பி மகள். எலினாரின் தகப்பனார் முன்பே இறந்துவிட்டதால், 1905 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் நடந்த கல்யாணத்தில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் பெரியப்பா தியோடர்தான். அப்போது அவர் பதவியில் இருந்த அதிபர்.

42 வயதிலேயே அதிபர் ஆனது எப்படி?
— தஞ்சாவூர் வாசகர்

அந்தப் பதவிக்கு அவர் தேர்தலில் நின்று வரவில்லை. துணை அதிபராக இருந்தார், அதிபர் கொல்லப்பட்டார். ஆனால் அதற்கு முன்னால் இருபது வருட உழைப்பு இருக்கிறது.

1858-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கடும் ஆஸ்துமா. ஹார்வர்டில் படித்து முடித்து 23 வயதில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1884 பிப்ரவரி 14 அன்று ஒரே வீட்டில் சில மணி நேர இடைவெளியில் தாயும் மனைவியும் இறந்தார்கள். மகள் பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைய நாட்குறிப்பில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டு, தன் வாழ்வின் ஒளி போய்விட்டது என்று ஒரு வரி மட்டும் எழுதினார். பிறகு டகோட்டாவில் மாட்டுப் பண்ணை நடத்தினார். 1886-87 பனிக்காலம் மந்தையில் பெரும்பகுதியைக் கொன்றுபோட்டது.

அதன் பின் அரசுப் பணியாளர் ஆணையம், நியூயார்க் நகரப் போலீஸ் நிர்வாகக் குழு, கடற்படைத் துறை, 1898-ல் கியூபா போர்க்களம், 1899-ல் நியூயார்க் மாநில ஆளுநர். பொதுத் தெருக்களைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் டிராம், எரிவாயு நிறுவனங்களின் உரிமங்களுக்கு அவர் வரி போட்டார். அவருடைய சொந்தக் கட்சியின் மாநிலத் தலைவர் தாமஸ் பிளாட்டுக்கு இது பொறுக்கவில்லை. அதிகாரம் இல்லாத துணை அதிபர் நாற்காலியில் உட்காரவைத்தால் தொல்லை தீரும் என்று 1900-ல் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். 1901 செப்டம்பர் 6-ல் பஃபலோ நகரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டார். தேறிவருகிறார் என்று சொன்னதால் ரூஸ்வெல்ட் மலையேறப் போயிருந்தார். நிலைமை மோசம் என்று ஆள் வந்து சொன்னதும், குதிரைகளை வழியில் மாற்றி மாற்றி இரவு முழுக்க மலைப்பாதையில் வண்டியில் வந்து ரயிலைப் பிடித்தார். 14-ஆம் தேதி பஃபலோவில் ஒரு நண்பர் வீட்டில் பதவிப் பிரமாணம் நடந்தது.

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் அரசு வேலை தேர்வு முறைக்கு வந்ததில் இவருடைய பங்கு என்ன?
— திருச்சி மாணவி

அங்கே 1883 வரை அரசு வேலை என்பது ஜெயித்த கட்சியின் சொத்து. ஆட்சி மாறினால் தபால் அலுவலகம் முதல் சுங்கச் சாவடி வரை ஆட்கள் மாறுவார்கள். வேலை வாங்கியவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். 1881-ல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டவன் தூதரகப் பதவி கேட்டு அலைந்து ஏமாந்தவன். அந்த அதிர்ச்சியில் வந்ததுதான் 1883-ன் பெண்டில்டன் சட்டம். போட்டித் தேர்வு, தகுதிகாண் காலம், கட்சிக்குக் கட்டாய வசூல் கூடாது, இதையெல்லாம் கண்காணிக்க மூவர் ஆணையம். ஆரம்பத்தில் இந்தச் சட்டத்துக்குள் வந்தவை மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒரு பங்குதான்.

ரூஸ்வெல்ட் 1889-ல் அந்த மூவரில் ஒருவரானார். ஆறு வருடம் இருந்தார். ஆணையத்தின் பலவீனம் அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், வேலையைவிட்டு நீக்க முடியாது. 1891-ல் பால்டிமோரில் உட்கட்சித் தேர்தல் நடந்த அன்று நேரிலேயே போய் நின்றார். தபால் ஊழியர்கள் கட்சிக்காக வசூல் செய்ததையும் தேர்தல் வேலை பார்த்ததையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்து, 25 பேரை நீக்கச் சொன்னார். அவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். நீக்க வேண்டிய தபால் துறைத் தலைவர் வனமேக்கரும் அதே கட்சி. அவர் கண்டுகொள்ளவில்லை. ரூஸ்வெல்ட் விஷயத்தைப் பிரதிநிதிகள் சபைக் குழுவரை கொண்டுபோனார். 1892-ல் குழு இவர் சொன்னதே சரி என்றது.

தேர்வு வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். டெக்சாஸ் எல்லையில் குதிரையில் ரோந்து போகும் சுங்கக் காவலருக்குக் கட்டுரை எழுதத் தெரிந்து என்ன பயன்? குதிரை ஓட்டத் தெரியுமா, குறி பார்த்துச் சுடத் தெரியுமா என்று பாருங்கள் என்றார்.

இந்த முறையில் ஓர் ஓட்டையும் உண்டு. எந்தெந்த வேலை தேர்வுக்கு உட்பட்டது என்ற பட்டியலை விரிக்கும் அதிகாரம் அதிபரிடம் இருந்தது. பதவி முடியும் தறுவாயில் ஓர் அதிபர் பட்டியலை விரித்தால், தேர்வே எழுதாமல் உள்ளே வந்த அவருடைய ஆட்களும் பாதுகாப்புப் பெற்றுவிடுவார்கள். வினோதம் என்னவென்றால், பட்டியல் பெரும்பாலும் வளர்ந்ததே இப்படித்தான். ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ரூஸ்வெல்ட் அதிபர் பதவியைவிட்டு இறங்கியபோது பாதிக்கும் மேல் அதற்குள் வந்திருந்தது.

நியூயார்க்கில் ஞாயிறு மதுக்கடைகளை மூடினாராமே, பலித்ததா?
— சேலம் வாசகர்

பலிக்கவில்லை. ஞாயிறு விற்பனைத் தடை முன்பே இருந்த மாநிலச் சட்டம். போலீஸ் அதை மாமூல் வாங்கும் கருவியாக வைத்திருந்தது. கொடுத்தவர் கடை திறந்திருக்கும், கொடுக்காதவர் கடை மூடியிருக்கும். 1895-ல் போலீஸ் குழுத் தலைவரான ரூஸ்வெல்ட், எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடினால் மாமூல் ஒழியும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் வாரம் ஆறு நாள் உழைக்கும் தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. ஜெர்மானியக் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. 1896-ல் மாநில அரசு ரெய்ன்ஸ் சட்டம் கொண்டுவந்தது. பத்து அறை உள்ள ஓட்டலில் சாப்பாட்டோடு ஞாயிறும் மது பரிமாறலாம் என்றது. உடனே சாராயக் கடைக்காரர்கள் மாடியில் பலகை அடித்துப் பத்து அறை உண்டாக்கினார்கள். ‘சாப்பாடு’ என்று ஒரே காய்ந்த சாண்ட்விச் மேசைக்கு மேசை நகர்ந்தது. அந்த அறைகள் விபசாரத்துக்குப் போயின.

‘டிரஸ்ட்டை உடைத்தவர்’ என்கிறார்கள். அறக்கட்டளையை ஏன் உடைக்க வேண்டும்?
— சிவகாசி வாசகர்

நம் ஊரில் டிரஸ்ட் என்றால் தர்மம். அங்கே அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு, போட்டி நிறுவனங்கள் தங்கள் பங்குகளை ஒரே கையில் ஒப்படைத்து விலையைச் சேர்ந்து நிர்ணயிக்கும் கூட்டு என்று பொருள்.

இதைத் தடுக்க ஷெர்மன் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. ஆனால் 1895-ல் சர்க்கரைக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், உற்பத்தி வேறு வணிகம் வேறு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத்தான் மத்திய அரசு தொடலாம் என்று சொல்லிவிட்டது. சட்டம் படுத்துக்கொண்டது.

ரூஸ்வெல்ட் கவனமாக ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்தார். வங்கியாளர் ஜே.பி. மார்கன், ரயில் முதலாளிகள் ஜேம்ஸ் ஹில், ஹாரிமன் மூவரும் 1901 நவம்பரில் நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்ற கம்பெனியை நியூஜெர்சியில் பதிவு செய்தார்கள். மூலதனம் 40 கோடி டாலர். அமெரிக்காவின் வடமேற்கில் ஒன்றோடொன்று போட்டியிட்ட ரயில் பாதைகள் இதன்வழி ஒரே கைக்குள் வந்தன. ரயில் மாநில எல்லை தாண்டி ஓடுவது, சந்தேகமில்லாமல் வணிகம். சர்க்கரைத் தீர்ப்பு இங்கே குறுக்கே வராது. 1902 பிப்ரவரியில் வழக்கு வரப்போவதாக அறிவித்தபோது அமைச்சரவையில் சட்டத் துறைத் தலைவர் ஃபிலாண்டர் நாக்ஸ் தவிரப் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியாது.

வெறும் துணிச்சலோடு விட்டுவிடவில்லை. 1903-ல் காங்கிரஸிடமிருந்து (செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அந்நாட்டு நாடாளுமன்றம்) மூன்று கருவிகளை வாங்கினார். இந்த வகை வழக்குகளின் மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றம் போக விரைவுச் சட்டம், வழக்கு நடத்த 5 லட்சம் டாலர், கம்பெனிக் கணக்குகளைத் தோண்டிப் பார்க்க ஒரு தனிப் பணியகம். 1904 மார்ச் 14-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. அவரே நியமித்த நீதிபதி ஹோம்ஸ் எதிர்த்து எழுதினார்.

நடைமுறையில் என்ன மாறியது என்று கேட்டால், ரயில் கட்டணம் பெரிதாக மாறவில்லை. கம்பெனி கலைந்ததும் பங்குகள் பழைய முதலாளிகளுக்கே விகிதாசாரப்படி திரும்பின. அதே ரயில் நிறுவனங்கள் 1970-ல் முறைப்படி இணைந்தும்விட்டன. ஆனால் சட்டம் எழுந்து நின்றது. அவர் காலத்தில் தொடுத்த வழக்குதான் 1911-ல் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியைத் துண்டாக்கியது. எல்லாப் பெரிய கம்பெனியையும் அவர் எதிர்த்தார் என்பது தவறு. அடுத்து வந்த டாஃப்ட் நான்கே வருடத்தில் இவரைவிட அதிக வழக்குத் தொடுத்தார்.

வேலைநிறுத்தம் என்றாலே ராணுவத்தை முதலாளி பக்கம் அனுப்பிய நாட்டில், இவர் தொழிலாளர் பக்கம் நின்றாரா?
— நெய்வேலி வாசகர்

நடுவில் நின்றார். அன்றைக்கு அதுவே பெரிய மாற்றம்.

உங்கள் ஊரில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. பென்சில்வேனியாவில் கிடைப்பது அதற்கு நேர் மறுகோடி, கல்லாய் இறுகிய ஆந்த்ரசைட். புகை குறைவு என்பதால் கிழக்கு நகரங்களில் வீட்டு அடுப்புகளெல்லாம் அதில்தான் எரிந்தன. 1902 மே 12-ல் 1,40,000-க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது 20 சதவீதக் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம். இலையுதிர் காலம் வந்ததும் நகரங்களில் கரி விலை பல மடங்கு ஏறியது. பனி வந்தால் சாவு விழும்.

அக்டோபர் 3-ல் ரூஸ்வெல்ட் இரு தரப்பையும் அழைத்தார். வெள்ளை மாளிகையில் மராமத்து நடந்ததால் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. ஒரு மாதம் முன்பு அவர் போன சாரட்டில் டிராம் மோதிக் கால் புண்ணாகியிருந்தது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் ஜான் மிட்செல் நிதானமாக, நீங்கள் நியமிக்கும் குழுவின் தீர்ப்பை ஏற்கிறோம் என்றார். முதலாளிகள் மிட்செலிடம் பேசவே மறுத்தார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ராணுவத்தை அனுப்பிச் சுரங்கங்களை அரசே நடத்தும் என்ற தகவல் கசிந்தது. அமைச்சர் எலிஹு ரூட் நியூயார்க்கில், சுரங்க முதலாளிகளிடம் செல்வாக்குள்ள மார்கனின் உல்லாசக் கப்பலில் போய்ப் பேசினார். முதலாளிகள் குழுவுக்குச் சம்மதித்தார்கள், ஆனால் உறுப்பினர் எந்தெந்த வகை என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். ராணுவப் பொறியாளர், சுரங்கப் பொறியாளர், நீதிபதி, கரி வியாபாரம் அறிந்தவர், ‘சமூகவியல் அறிஞர்’. தொழிலாளர் பிரதிநிதி என்ற சொல் இருக்கக் கூடாது. ரூஸ்வெல்ட் ரயில் கண்டக்டர்கள் சங்கத் தலைவர் ஒருவரைச் சமூகவியல் அறிஞர் என்று எழுதிக் குழுவில் போட்டார். அந்தப் பெயருக்குக் கீழே யார் வந்தாலும் முதலாளிகளுக்குச் சம்மதமே.

அக்டோபர் 23-ல் வேலை தொடங்கியது. 1903 மார்ச்சில் தீர்ப்பு. 10 சதவீத உயர்வு, பெரும்பாலோருக்குப் பத்து மணி நேரம் ஒன்பதானது. சங்க அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆனால் தகராறு தீர்க்க இரு தரப்பும் சமமாக உட்காரும் ஆறு பேர் வாரியம் வந்தது. அதில் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்தவர்கள் சங்கத்துக்காரர்களே.

மீனில் ஃபார்மலின், பாலில் கலப்படம் என்று படித்துப் படித்து பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் இதை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்?
— நாகர்கோவில் வாசகி

நீங்கள் சொல்லும் ஃபார்மலினில் இருக்கும் அதே ஃபார்மால்டிஹைடு அங்கேயும் பாலில் கலந்தது. இறைச்சியில் வெங்காரம் (போராக்ஸ்). வேளாண் துறை வேதியியலாளர் ஹார்வி வைலி 1902-ல் 12 இளைஞர்களைச் சேர்த்து, அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கூடம் வைத்தார். மூன்று வேளையும் அங்கே மட்டும்தான் சாப்பிட வேண்டும். எடை, சிறுநீர், மலம் எல்லாம் கணக்கு. முதலில் வெங்காரத்தை வெண்ணெயில் வைத்தார். பையன்கள் கண்டுபிடித்து வெண்ணெயைத் தொடவில்லை. வேறு உணவில் மாற்றியும் அதே கதை. கடைசியில் மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்தார். பசியின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு என்று பதிவானது.

இறைச்சி விஷயத்தில் தூண்டுகோல் 1906-ல் வெளியான அப்டன் சின்க்ளேரின் சிகாகோ கசாப்புத் தொழிற்சாலை நாவல். ரூஸ்வெல்ட் நாவலை மட்டும் நம்பவில்லை. சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பினார். அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்று: அறுத்துக் கழுவிய பன்றி ஒன்று கொக்கியிலிருந்து நழுவி, அழுக்குப் பலகைத் தரையில் சறுக்கி, ஆண்கள் கக்கூஸுக்குள் பாதி போனது. இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்து, கழுவாமலே குளிர் அறையில் மற்றவற்றோடு மாட்டினார்கள்.

இந்த அறிக்கையை ரூஸ்வெல்ட் உடனே வெளியிடவில்லை, அதுதான் அவருடைய பிடி. அறிக்கை கையில் இருப்பது தெரிந்ததும் செனட் எதிர்ப்பே இல்லாமல் இறைச்சி ஆய்வு மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபைக் குழு அதை நீர்த்துப்போகச் செய்யப் பார்த்தபோது, ஜூன் 4-ல் அறிக்கையை வெளியே விட்டார். ஏற்றுமதி சரியத் தொடங்கியது. கம்பெனிகளே அரசு ஆய்வு முத்திரை வேண்டும் என்று வந்தன.

1906 ஜூன் 30-ல் இறைச்சிச் சட்டம், உணவு, மருந்துச் சட்டம் என்ற இரண்டிலும் கையெழுத்திட்டார். இறைச்சிச் சட்டப்படி அறுக்கும் முன் உயிரோடு ஒரு பரிசோதனை, அறுத்த பின் உடலுக்கு ஒன்று, பிறகு பதப்படுத்தும் கூடத்தில் ஒன்று. முத்திரை இல்லாத சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப முடியாது. இதெல்லாம் நடக்க ஆய்வாளர் வேண்டும், ஆய்வாளருக்குச் சம்பளம் வேண்டும். செனட் மசோதா கம்பெனிகளிடம் கட்டணம் வசூலிக்கச் சொன்னது. கம்பெனிகள் எதிர்த்தன, அரசே வருடம் 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. இதில் நன்மை, மாடு குறைந்தாலும் கூடினாலும் ஆய்வாளர் சம்பளம் நிற்காது. தீமை, ஒதுக்கீட்டை வருங்காலக் காங்கிரஸ் குறைத்தால் கண்காணிப்பும் குறையும். டின்னில் தேதி போட வேண்டும் என்ற விதியையும் கம்பெனிகள் நீக்க வைத்துவிட்டன. மாநிலத்துக்கு உள்ளேயே அறுத்து விற்பது 1967 வரை இந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருந்தது.

உணவு, மருந்துச் சட்டம் வேறு வழியில் போனது. மது, அபினி, மார்ஃபின், கோகைன், ஹெராயின் போன்ற 11 பொருள் இருந்தால் லேபிளில் அளவோடு அச்சிட வேண்டும். குழந்தையின் அழுகையை நிறுத்தும் மருந்தில் மார்ஃபின் இருப்பதைத் தாய்மார்கள் லேபிளில் படித்தார்கள். ஆனால் 1911-ல் புற்றுநோய் குணமாகும் என்று விற்றவர் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம், மருந்தில் என்ன இருக்கிறது என்பதில் பொய் சொன்னால்தான் குற்றம், குணமாகும் என்று பொய் சொன்னால் இந்தச் சட்டத்தில் குற்றமில்லை என்றது. 1912-ல் திருத்தினார்கள், அதிலும் ஏமாற்றும் நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. விற்பனைக்கு முன்பே பாதுகாப்பை நிரூபிக்கச் சொன்ன சட்டம் 1938-ல்தான் வந்தது. கையெழுத்திட்டவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அதற்கு முந்தின வருடம் ஒரு சல்ஃபா மருந்துக் கரைசல் குடித்து நூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள்.

காடுகளைக் காத்ததில் இவர் சாதனை என்ன?
— கூடலூர் வாசகர்

சுமார் 23 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல். 150 தேசிய வனங்கள், 51 பறவைக் காப்பிடங்கள், 18 தேசிய நினைவிடங்கள், 5 தேசியப் பூங்காக்கள்.

முதல் பறவைக் காப்பிடம் 1903-ல் ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவு. பெண்கள் தொப்பியில் செருகும் இறகுக்காகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளிய காலம். அறிவிப்பு வந்தது, காவலுக்குப் பணம் ஒதுக்கவில்லை. முதல் காவலருக்குப் பறவை ஆர்வலர்கள் மாதம் 1 டாலர் கொடுத்தார்கள்.

1907-ல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா, வயோமிங், கொலராடோ ஆகிய ஆறு மாநிலங்களில் அதிபர் இனிப் புதிய வனங்களை அறிவிக்கக் கூடாது என்ற ஷரத்தை, செனட்டர் ஃபுல்டன் வேளாண் துறை ஒதுக்கீட்டு மசோதாவில் செருகினார். கையெழுத்திட மறுத்தால் வனத்துறைக்கே பணம் இல்லை. ஆனால் கையெழுத்திடச் சில நாள் அவகாசம் உண்டு. வனத்துறைத் தலைவர் கிஃபோர்ட் பிஞ்சோவும் ஊழியர்களும் இரவு பகலாக வரைபடங்களை விரித்து எல்லை குறித்தார்கள். 1.6 கோடி ஏக்கருக்கான அறிவிப்புகளில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மார்ச் 4-ல் மசோதாவில் போட்டார். சட்டத்தை மீறவே இல்லை.

இந்தக் காடுகள் யாரும் இல்லாத வெற்று நிலமும் அல்ல. பழங்குடியினர் வேட்டையாடி வாழ்ந்த மண். 1909-ல் பதவி இறங்கும் முன் அவர்களுக்கென ஒதுக்கிய நிலங்களிலிருந்தும் மரக்காடுகளைப் பிரித்து தேசிய வனங்களில் சேர்த்தார். சாதனையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலைக்கூட மாற்றப் பார்த்தாரா?
— காரைக்குடி ஆசிரியர்

ஆம். 1906 ஆகஸ்டில் அரசு அச்சகம் 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, உச்ச நீதிமன்றம் பழைய முறையையே வைத்துக்கொண்டது, டிசம்பரில் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. பின்வாங்கினார்.

குறை என்று எதைச் சொல்வீர்கள்?
— வேலூர் வாசகி

பிரௌன்ஸ்வில். 1906 ஆகஸ்டில் டெக்சாஸின் அந்த ஊரில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு, ஒருவர் செத்தார். பழி கறுப்பினப் படைவீரர்கள் மேல் விழுந்தது. சுடும் நேரத்தில் அவர்கள் முகாமில்தான் இருந்தார்கள் என்று வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையே சதி என்று எடுத்துக்கொண்டு, 167 பேரை விசாரணையே இல்லாமல் ரூஸ்வெல்ட் நீக்கினார். ஓய்வூதியமும் போனது. கறுப்பின மக்கள் வாக்களித்த காங்கிரஸ் தேர்தல் முடியும்வரை உத்தரவு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 1901-ல் கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்து, தென் மாநில வெள்ளையர்களின் வசவை வாங்கிக்கொண்ட அதே மனிதர்தான் இவர். 1972-ல்தான் ராணுவம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. உயிரோடு மிஞ்சிய ஒருவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள்.

பனாமா அடுத்தது. அது அப்போது கொலம்பியாவின் ஒரு பகுதி. கொலம்பியா கால்வாய் ஒப்பந்தத்தை நிராகரித்ததும், 1903-ல் பனாமா பிரிந்துபோக அமெரிக்கப் போர்க்கப்பல் துணை நின்றது. 1921-ல் அமெரிக்கா கொலம்பியாவுக்கு 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

மார்பில் குண்டோடு மேடையில் பேசினார் என்பது உண்மையா?
— ஈரோடு வாசகர்

முழுக்க உண்மை. 1912-ல் தன் குடியரசுக் கட்சி டாஃப்டையே மீண்டும் நிறுத்தியதால் பிரிந்து முற்போக்குக் கட்சி தொடங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை, செனட்டருக்கு நேரடித் தேர்தல், எட்டு மணி நேர வேலை, முதுமைக்கும் நோய்க்கும் சமூகக் காப்பீடு என்று அறிக்கையில் இருந்தது. அவரை வேட்பாளராக வழிமொழிந்தவர் ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி.

அக்டோபர் 14-ல் மில்வாக்கியில் ஓட்டல் வாசலில் மனநிலை பிறழ்ந்த ஒருவன் சுட்டான். கோட்டுப் பையில் 50 பக்க உரை இரண்டாக மடித்து இருந்தது, அதாவது நூறு தாள் கனம். அதோடு எஃகு மூக்குக்கண்ணாடிக் கூடு. இரண்டையும் துளைத்துக்கொண்டு போன குண்டு வேகம் இழந்து விலா எலும்பில் நின்றது. கையில் இருமிப் பார்த்தார், ரத்தம் வரவில்லை, நுரையீரல் தப்பியது என்று முடிவு செய்து அரங்குக்குப் போனார். ஓட்டை விழுந்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார்.

தேர்தலில் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் வில்சனுக்கு 435 தேர்வாளர் வாக்கு (மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்களின் வாக்கு), இவருக்கு 88, டாஃப்டுக்கு 8. மூன்றாம் கட்சி வேட்பாளர் பெரிய கட்சி ஒன்றின் அதிபரையே முந்தினார், மக்கள் வாக்கு 27 சதவீதத்துக்கு மேல். செனட்டருக்கு நேரடித் தேர்தல் 1913-லும், பெண்களுக்கு வாக்கு 1920-லும், முதியோர் ஓய்வூதியக் காப்பீடு 1935-லும் வந்தன.

குண்டைத் தோண்டி எடுப்பது உள்ளே விட்டுவைப்பதைவிட ஆபத்து என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1881-ல் கார்ஃபீல்டின் காயத்தைக் கழுவாத விரலாலும் கருவியாலும் துழாவித்தான் சீழ் வைத்தது. 1919 ஜனவரி 6-ல் தூக்கத்திலேயே இறந்தபோது ரூஸ்வெல்டின் விலாவில் அந்தக் குண்டு அப்படியே இருந்தது.